கேட்டதற்கு மட்டும் பதில்

மாடிப் போர்ஷனைக் காலி செய்துகொண்டு டீச்சர் கிளம்பிய அன்று நான் ஒரு சின்னச் சொற்பொழிவே ஆற்றினேன். சாமான் ஏற்றிய டெம்போ கேட்டுக்கு வெளியே உறுமிக்கொண்டு நின்றது. அவர் கணவர் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் விடுவேனா? மாற்றுச் சட்டை இல்லாமல் ஓசூருக்கு வந்தவன் நான், இன்றைக்குத் தொழிற்பேட்டையில் என் பெயரைச் சொன்னால் டீக்கடைக்காரன்கூட எழுந்து வந்து வழி காட்டுவான், என் வீட்டில் குடியிருந்தவர்கள் யாரும் மனக்குறையோடு போனதில்லை, இது உங்கள் வீடு மாதிரி, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். டெம்போக்காரன் ஹாரன் அடித்துப் பார்த்தான். நான் நிறுத்தவில்லை.

"கேக்க வந்ததக் கேளுங்க, அண்ணாச்சி" என்றார் டீச்சர்.

"திரும்ப இந்தப் பக்கம் வருவீங்களா டீச்சர்?"

"மாட்டேன்."

அவ்வளவுதான். முகத்தில் கோபம் இல்லை, சலிப்பும் இல்லை. பெயின்ட் டப்பாவில் வளர்த்த கறிவேப்பிலைக் கன்றை மடியில் வைத்துக்கொண்டு கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். டெம்போ பாகலூர் ரோட்டில் திரும்பி மறைந்தது. சொன்னபடி அவர் திரும்பி வரவில்லை.

வேறு யாராக இருந்தாலும் "கண்டிப்பா வர்றோம், நீங்களும் குடும்பத்தோட எங்க ஊருக்கு வாங்க" என்று சொல்லியிருப்பார்கள். சொல்லிவிட்டு வராமல் இருந்திருப்பார்கள். இந்த அம்மாவுக்கு அது வராது. கேட்டதற்குப் பதில். கேட்டதற்கு மட்டும் பதில். அதற்கு முன்னால் ஒரு சொல் கிடையாது, பின்னால் ஒரு சொல் கிடையாது.

நான் அதற்கு நேர் எதிர் என்பதை நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லேத் பட்டறையில் இரும்புத் தூள் கூட்டுகிறவனாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே தொழில் பழகி, இன்று மூன்று லேத்தும் கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு சி.என்.சி. மெஷினும் சொந்தமாக வைத்திருக்கிறேன். பேசித்தான் ஆர்டர் பிடித்தேன், பேசித்தான் பெண் கட்டினேன். இதைக்கூட நானேதான் எழுதுகிறேன். என் மகன் ஒற்றுப்பிழை மட்டும் பார்த்துக் கொடுத்தான்.

டீச்சர் வீடு கேட்டு வந்த நாளைச் சொல்கிறேன். கணவர் தெற்கத்திக்காரர், இங்கே ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தன் ஊர், சம்பளம், முன்பு இருந்த வீட்டில் பட்ட தண்ணீர்க் கஷ்டம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அந்த அம்மா பேசாமல் நின்றார். வெளுத்த பருத்திப் புடவை, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை, யாரையும் நேராகப் பார்க்கிற கண்.

"நீங்க என்ன பண்றீங்கம்மா?" என்றேன்.

"இங்கிலீஷ் டீச்சர்."

"எந்த ஸ்கூல்ல?"

"இப்ப எந்த ஸ்கூல்லயும் இல்ல."

"ஏன் வுட்டுட்டீங்க?"

"ஒரு பையனுக்கு வாங்காத மார்க்கப் போடச் சொன்னாங்க. போடல."

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "பிள்ளைங்க?" என்றாள்.

"இல்ல."

கேட்டவள்தான் காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.

தெருவில் அவருக்குத் திமிர்பிடித்தவர் என்று பெயர் வர ஒரு மாதம்கூட ஆகவில்லை. எதிர் வீட்டம்மா புதுப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து, "எனக்கு எடுப்பா இருக்கா டீச்சர்?" என்று கேட்டிருக்கிறாள். "இல்ல" என்றிருக்கிறார். அந்தப் புடவையை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. என்னை அவர் அண்ணாச்சி என்று கூப்பிட்டதும் முதலில் எனக்கு உறுத்தியது. எங்கள் பக்கத்தில் அண்ணாச்சி என்றால் மளிகைக்கடைக்காரர். சி.என்.சி. மெஷின் வைத்திருப்பவனுக்குத் துவரம்பருப்புக் கடை வைத்துக் கொடுத்துவிட்டாரே என்று நினைத்தேன். அவர் ஊரில் அது மரியாதைச் சொல் என்று கணவர் விளக்கிய பிறகுதான் ஆறினேன்.

இந்த அம்மாவிடம் போய் என் தங்கை மகளை ஒப்படைக்க வேண்டி வந்தது. அதற்குக் காரணம் என் வாய்.

என் தங்கையை அஞ்செட்டிக்கு மேலே ஒரு மலை ஊரில் கொடுத்திருக்கிறோம். மாடு, கொஞ்சம் ராகிக் காடு, மழை பெய்தால் சாப்பாடு. பஸ் எப்போதாவது வரும். அவள் மகள் மாதேவியை உயர்நிலைப் பள்ளிப் படிப்புக்காக நான்தான் ஓசூருக்கு அழைத்துவந்து என் வீட்டில் வைத்திருந்தேன். அவள் பத்தாவது வந்த வருஷம், ஊர்த் திருவிழாவில், அவள் அப்பா, அதாவது என் தங்கை மாப்பிள்ளை, பேச்சை ஆரம்பித்தார். அவருடைய அக்கா மகன் ஒருவன் டெம்போ ஓட்டுகிறான், நல்ல பையன், மாதேவியை அவனுக்கு முடித்துவிடலாம் என்றார். பரீட்சை முடிந்ததும் வைகாசியில் முகூர்த்தம்.

"பதினஞ்சு வயசுப் பொண்ணு, மாப்ளே" என்றேன்.

"அவ அம்மாவுக்கு என்ன வயசு அப்ப?" என்றார்.

சட்டம் தெரியாதா என்று கேட்காதீர்கள். தெரியும். போன் போட்டால் ஜீப்பில் வந்து நிறுத்துவார்கள். ஜீப் மலை இறங்கியதும் வேறொரு கோயிலில், வேறொரு விடியற்காலையில் தாலி ஏறிவிடும். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தவிர, தன்னால் அப்பா ஸ்டேஷனில் போய் உட்கார வேண்டி வரும் என்றால் மாதேவியே என்னைப் போன் போட விடமாட்டாள்.

அதனால் நான் வேறு வழியில் போனேன். திருவிழாக் கூட்டத்தில் நாலு பேர் நடுவே நின்றுகொண்டு, "என் வீட்டுல இருந்து படிக்கிற பொண்ணு பெயில் ஆகுமா? எல்லாத்துலயும் பாஸ் ஆவா. ஒரு பாடத்துல போச்சுன்னாலும் நானே கூட்டிக்கினு வந்து மணையில உக்கார வெக்கிறேன். பாஸ் ஆனா அவ இஷ்டத்துக்குப் படிக்கட்டும்!" என்றேன்.

மாப்பிள்ளை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் கேட்டுக்குங்கப்பா. மச்சான் வாக்கு!"

கணக்கு, அறிவியல், சமூகம், தமிழ் எதிலும் எனக்குப் பயமில்லை. இங்கிலீஷ்தான் பயம். வீட்டில் கன்னடம், பள்ளியில் தமிழ், இரண்டுக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளைக்கு மூன்றாவதாக அது ஒன்று. ஆனால் தொழில் தெரிந்தவன் பயந்து உட்காரமாட்டான். நான் ஒரு ஜிக் செய்தேன்.

ஜிக் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரே மாதிரி நிறையத் துண்டுகளில் ஓட்டை போட வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் அளந்துகொண்டு இருக்கமாட்டோம். ஒரு சட்டம் செய்து வைத்துக்கொண்டு, துண்டை அதில் செருகி, ட்ரில்லை இறக்கினால் போதும். அளவு தானாக வந்து உட்காரும். அதே மாதிரி, ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஒரு பி.ஏ. படித்தவனைப் பிடித்து, எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற மாதிரி இங்கிலீஷில் ஒரு பத்தி எழுதி வாங்கினேன். 'இவ்வுலகில் இது மிக முக்கியமான ஒன்று, இதை ஆசிரியர் மிக அழகாக எடுத்துரைக்கிறார், நாம் அனைவரும் இதைச் சிந்திக்க வேண்டும்' என்று போகும் அது. கதையா, செய்யுளா, எதுவானாலும் அதில் செருகலாம். மாதேவி அதை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

திருப்புதல் தேர்வில் பெயில். தெருவில் விளக்கு எரியவில்லை என்று நகராட்சிக்குக் கடிதம் எழுதச் சொன்ன கேள்விக்கும் அவள் அந்தப் பத்தியைச் செருகியிருந்தாள். எரியாத விளக்கை ஆசிரியர் மிக அழகாக எடுத்துரைத்திருந்தார்.

ஜிக்கில் தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். அது அந்த வேலைக்கானது இல்லை, அவ்வளவுதான்.

விடைத்தாளோடு மாதேவியைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனேன். டீச்சர் துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் திருவிழாவிலிருந்து ஆரம்பித்தேன். அவர் மடிப்பதை நிறுத்தாமல், "என்ன வேணும், அண்ணாச்சி?" என்றார்.

"இவ இங்கிலீஷ்ல பாஸ் ஆகணும். இல்லன்னா வைகாசில கல்யாணம்."

துணியைக் கீழே வைத்தார். விடைத்தாளைக் கடைசி வரைக்கும் படித்தார். பிறகு மாதேவியைப் பார்த்து, "இத யாரு எழுதிக் குடுத்தா?" என்றார்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் டீச்சர். இது ஜிக் மாதிரி..."

"உங்களக் கேக்கல."

என் வாழ்க்கையில் என் சொந்த வீட்டு மாடியில் வைத்து என்னை யாரும் அப்படி நிறுத்தியதில்லை. நான் வாயை மூடிக்கொண்டு வராண்டா நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் மாதேவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மொட்டை மாடித் தொட்டி நிரம்பியது. நிரம்பி வழிந்து, மாடிச் சுவரில் இறங்கி, வராண்டாவில் காலடிக்கு வந்தது. டீச்சர் அசையவில்லை. என் மனைவி கீழேயிருந்து, "யாராச்சும் மோட்டார ஆப் பண்ணுங்களேன்!" என்று கத்தினாள். நான் எழுந்தேன். டீச்சர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். தண்ணீர் என் செருப்பை நனைத்தது.

"மாமா" என்றாள் மாதேவி.

"இப்ப மோட்டார நிறுத்துங்க" என்றார் டீச்சர்.

அன்றிலிருந்து பாடம் ஆரம்பித்தது. பாடம் நடக்கும்போது நான் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்பேன். அவர் புத்தகத்தை அதிகம் தொடவே இல்லை. கேள்வி கேட்பார். மாதேவி எழுதிக் காட்டுவாள். டீச்சர் தன் உள்ளங்கையை விடையின் மேல் வைத்து, முதல் வரியைத் தவிர மற்றதையெல்லாம் மறைத்துவிடுவார். அந்த ஒரு வரியில் கேட்டதற்குப் பதில் இருந்தால் கையைக் கொஞ்சம் இறக்குவார். இல்லையென்றால் கையை எடுக்கவே மாட்டார். பின்னால் என்ன பொன்னாக எழுதியிருந்தாலும் அவருக்கு அக்கறை இல்லை. மாதேவி பெருமூச்சோடு அடுத்த தாளை எடுப்பாள். நாள் பூராவும் வீட்டில் அதே கதை. மாடியிலிருந்து தலையை நீட்டி, "சாப்டியா?" என்பார். அவள் "அத்தை தோசை..." என்று ஆரம்பித்தால், "சாப்டியா?" என்று மறுபடியும் அதையே கேட்பார். "சாப்டேன்" என்று வந்த பிறகுதான் தலை உள்ளே போகும்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், "இப்படி ஒரு வரிலயே நின்னா புஸ்தகம் எப்ப முடியும் டீச்சர்? எங்க தொழில்ல..." என்று ஆரம்பித்து, நாங்கள் கம்பெனிக்கு வேலை செய்து கொடுக்கும் முறையை விளக்கினேன். முதல் பீஸை மட்டும் செய்து கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போவோம். அங்கே அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் மற்றதை ஓட்டுவோம். பிறகு ஓட்டம் ஓட்டம்தான், நிற்பதே கிடையாது என்றேன்.

"முதல் பீஸ் தப்பா இருந்தா?"

"ஓட்ட மாட்டோம்."

"அப்ப ஏன் இவள ஓட்டச் சொல்லுதீங்க?"

என்னிடம் பதில் இருந்தது. அவர் உள்ளே போய்விட்டார்.

எங்கள் வழக்கம் ஒன்றையும் அவருக்கு அந்த நாட்களில்தான் சொன்னேன். அங்கே மலையில் பெண்ணைக் கேட்காமல் கட்டிக்கொடுப்பதில்லை. தட்டு மாற்றுவதற்கு முன்னால் எல்லார் எதிரிலும் நிறுத்தி, சம்மதமா என்று ஒரு தடவை கேட்பார்கள். அவள் தலை குனிந்து பேசாமல் நிற்பாள். அதுதான் சம்மதம். என் தங்கையும் அப்படித்தான் நின்றாள். பெண் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே அப்படி நிற்கவும் பழகிவிடுவார்கள்.

"வாயத் தொறந்து சொன்னா?" என்றார் டீச்சர்.

"யாரும் சொன்னதில்ல."

அவர் மாதேவியைக் கூப்பிட்டு நோட்டைத் திறக்கச் சொன்னார்.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது மாப்பிள்ளை ஒரு பையில் புதுப்புளியோடு வந்து இறங்கினார். மகளைப் பார்த்துவிட்டு, நேராக மாடி ஏறினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"டீச்சரம்மா, எம் பொண்ணு பாஸ் ஆவுமா?"

நான் டீச்சர் முகத்தைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன், தொண்டையைச் செருமினேன்.

"இன்னிக்கு எழுதினா ஆக மாட்டா" என்றார் டீச்சர்.

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். சந்தோஷமா வருத்தமா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. மாதேவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிடச் சொல்லியும் கேட்காமல் அவர் அப்போதே பஸ் ஏறிவிட்டார். மறுநாள் தங்கை போன் செய்தாள். முகூர்த்தத்துக்கு நாள் பார்த்துவிட்டார்களாம், கோயிலுக்கும் சொல்லிவிட்டார்களாம். அழக்கூடச் செய்யாமல், செய்தி வாசிப்பது போலச் சொன்னாள்.

நான் மாடிக்குப் போய்க் கத்தினேன். "நான் உங்களப் பொய்யா சொல்லச் சொன்னேன் டீச்சர்? படிச்சிட்டு இருக்கா, பாக்கலாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? உங்க ஊர்ல ஆறுதல்னு ஒண்ணு கெடையாதா?"

"இருக்கு. அவரு அதக் கேக்கல."

"அவ காதுல விழுந்துச்சே!"

"விழட்டும். அவ என்ட்ட அதக் கேட்டு நாளாச்சு. இதேதான் சொன்னேன்."

அதுவும் எனக்குத் தெரியாது. கேட்டாளாம், சொன்னாராம், மறுபடியும் இருவரும் உட்கார்ந்து எழுதினார்களாம்.

பரீட்சையன்று நான் பள்ளிக்கூட கேட்டுக்கு எதிரில் பைக்கை நிறுத்திவிட்டு வெயிலில் நின்றேன். மற்றப் பிள்ளைகள் கூட்டமாக வந்து விடையைச் சரிபார்த்துக்கொண்டு போனார்கள். இவள் கடைசியாக வந்தாள்.

"எப்படி எழுதுன?"

"எல்லாக் கேள்விக்கும் மொத வரி தெரியும் மாமா. யோசிச்சு யோசிச்சு எழுதினேன். கடைசி ரெண்டு பெரிய கேள்வி எழுத நேரம் இல்ல."

அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்தேன். நேரே மாடிக்குப் போய், "இது யாரு தப்பு டீச்சர்?" என்று கேட்டேன். அவர் சண்டைக்கு வருவார், நானும் நன்றாகச் சண்டை போடலாம் என்று போயிருந்தேன்.

"என் தப்பு" என்றார். "மொத வரிக்கு இத்தன நாள் எடுத்துட்டேன். வேகத்துக்கு நாள் மிஞ்சல."

சண்டை போட எனக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை.

ரிசல்ட் போனில் வந்தது. மற்ற எல்லாவற்றிலும் பாஸ். இங்கிலீஷில் சொற்ப மார்க்கில் போய்விட்டது. கொஞ்ச மார்க்காக இருந்தால் என்ன, மலையில் அதற்குப் பெயர் பெயில்தான். அந்த வாரமே மாப்பிள்ளையும் அவருடைய அக்காவும் வந்தார்கள். அக்கா கையில் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மஞ்சள் குங்குமம். இங்கேயே மாமன் வீட்டில் தட்டு மாற்றிவிட்டுப் பெண்ணைக் கையோடு அழைத்துப் போவதாகத் திட்டம்.

எனக்கு அன்றைக்கு அவசர ஆர்டர். வீட்டை ஒட்டிய ஷெட்டில் எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தில் பேசினால் பாதிதான் காதில் விழும். மாதேவி மாடிக்குப் போய் டீச்சரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். டீச்சர் சுவரோரம் நின்றார்.

"நாலு பேரு மின்னாடி வாக்குக் குடுத்தது நீதான், மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "நானா கேட்டேன்?"

"சின்னப் பொண்ணுக்கு எதுக்கு இங்கிலீசு?" என்றாள் அக்கா. "எம் மவன் டெம்போவுக்கு இங்கிலீசு தெரியுமா? ஓடல? வா கண்ணு, இப்பிடி வந்து நில்லு."

மாதேவி வந்து நின்றாள். மாப்பிள்ளை வழக்கப்படி மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார். "உனக்குச் சம்மதமாம்மா?"

அவள் தலை குனிந்தாள். அந்தக் குனிவை நான் நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். உதடு அசைந்தது. லேத் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"குனிஞ்சுட்டா, போதும். தட்டப் பிடிடா" என்றாள் அக்கா.

"இரு, ஏதோ சொன்னா மாதிரி இருந்துச்சு" என்று மாப்பிள்ளை டீச்சரைப் பார்த்தார். "ஏம்மா டீச்சரம்மா, அவ ஏதாச்சும் சொன்னாளா?"

"சொன்னா."

"என்ன சொன்னா?"

"எனக்கும் கேக்கல."

நான் பேச வாயைத் திறந்தேன். நெஞ்சு முட்டச் சொல் இருந்தது. மாற்றுச் சட்டை இல்லாமல் வந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொல்லி அவர்களை மலை வரைக்கும் துரத்தியிருப்பேன். டீச்சர் என்னைப் பார்த்தார். தண்ணீர் வழிந்த அன்று பார்த்த அதே பார்வை. நான் வாயை மூடிக்கொண்டு ஷெட்டுக்குள் போய் மெயின் சுவிட்சை இறக்கினேன்.

ஓடுகிற மெஷினை நடுவில் நிறுத்தினால் அதில் மாட்டியிருக்கும் துண்டு பாழ். பையன்கள் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். அன்றைக்கு மூன்று லேத்திலும் சி.என்.சி.யிலும் இருந்ததெல்லாம் குப்பைக்குப் போனது. துண்டைக் கவ்வும் சக்குகள் சுற்றிச் சுற்றி நின்றன. என் வீட்டில் பகலில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. மின்விசிறியும் நின்றுபோயிருந்தது. தெருவில் காய்கறிக்காரன் தராசு ஆடுகிற சத்தம் கேட்டது.

நான் திரும்பி வந்தபோது மாப்பிள்ளை மறுபடியும் கேட்டுக்கொண்டிருந்தார். "சம்மதமா?"

"இல்லப்பா" என்றாள் மாதேவி. தலை நிமிர்ந்திருந்தது. "அடுத்த மாசம் இங்கிலீஷ் திரும்ப எழுதுறேன்."

நிறுத்திவிட்டாள். காரணம் இல்லை, கெஞ்சல் இல்லை, அழுகை இல்லை. தலை குனிந்த பெண்ணுக்கு என்ன செய்ய வேண்டுமென்று எல்லாருக்கும் தெரியும். இதற்கு வழக்கம் இல்லை.

அக்காதான் முதலில் சுதாரித்தாள். "பாத்தியாடா? மாமங்காரன் எப்பிடிச் சொல்லிக் குடுத்து வெச்சிருக்கான் பாரு!"

"மாமா சொல்லிக் குடுத்திருந்தா இவ்ளோ சின்னதா இருக்காது அத்தே" என்றாள் மாதேவி.

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். சமையலறையில் என் மனைவி சிரித்தது எனக்கே கேட்டது. நான் சிரிக்கவில்லை. அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அக்கா தாம்பாளத்தைத் துணியால் மூடினாள். "பொட்டப்புள்ளய வாய் பேசப் பழக்கிட்டு இளிச்சுக்கினு நில்லு" என்று தம்பியைத் திட்டிவிட்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

மாப்பிள்ளை சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். கண்ணில் வேடிக்கை போய்விட்டிருந்தது. "மச்சான், நீ சொன்ன சொல்லு என்னாச்சு? அனுப்புறியா, இல்லியா?"

"இல்ல" என்றேன்.

அவர் அடுத்த வரிக்காகக் காத்திருந்தார். என்னிடமிருந்து அடுத்த வரி வராதது அவருக்கு அதுதான் முதல் தடவை. எனக்கும்தான்.

துண்டை உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார். "இன்னொரு தடவ" என்றார் கடைசியில். "ஒரே ஒரு தடவ. அதுலயும் போச்சுன்னா நான் உன்னயும் கேக்க மாட்டேன், அவளயும் கேக்க மாட்டேன்."

அவர் போன பிறகு மாதேவி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். டீச்சர் அவள் தலையைத் தொடவில்லை, தட்டிக்கொடுக்கவில்லை. "நாளைலருந்து கடிகாரம் வச்சு எழுதணும். ஏழு மணிக்கு வா" என்று சொல்லிவிட்டுப் படி ஏறப் போனார்.

எனக்கு அடங்கவில்லை. இன்னொரு தடவை என்றால் ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில் அவர் வேகத்தைச் சொல்லிக்கொடுத்தாக வேண்டும், அவள் அதைப் பிடித்தாக வேண்டும். வேறு யாரிடம் கேட்டாலும் என் மனம் குளிர ஏதாவது சொல்வார்கள் என்று தெரியும். அதனால்தான் அவரிடம் கேட்கப் பயமாக இருந்தது. இருந்தும் கேட்டேன்.

"டீச்சர், பாஸ் ஆகிடுவாளா?"

பாதிப் படியில் நின்று திரும்பினார். முதலில் அவளைப் பார்த்தார், பிறகு என்னை.

"ஆகிருவா."

ஆனாள்.